இரண்டு ஃபிளாஷ், ஒரு பிராக்கெட் வைத்து வீட்டுக்குள் போர்ட்ரெய்ட் எடுப்பது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரிடம் கோடாக்ஸ் டிடி600 ஃபிளாஷ் இரண்டு இருக்கிறது. கேமராவுக்கு அடியில் திருகி, இரண்டு பக்கமும் கை நீட்டியது போல் நிற்கிற ஒரு பிராக்கெட் வாங்கியிருக்கிறார். அப்பாவின் அறுபதாம் கல்யாணம் வருகிறது, அதற்கு முன்னால் வீட்டு ஹாலிலேயே அப்பா அம்மாவை உட்காரவைத்து நல்ல போர்ட்ரெய்ட் எடுத்துப் பெரிதாக ஃபிரேம் போட ஆசை. ஆனால் எடுத்துப் பார்த்ததில் முகம் தட்டையாக இருக்கிறது, நெற்றியும் மூக்கும் எண்ணெய் தடவியது போல் பளபளக்கிறது, பின்சுவரில் தலைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நிழல். இரண்டு ஃபிளாஷ் போட்டும் ஏன் இப்படி, மூன்றாவது வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்.

மூன்றாவது வேண்டாம். இருக்கிற இரண்டும் ஒரே பவரில், ஒரே உயரத்தில், ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன, சிக்கல் அங்கேதான். பழைய பத்திரத்தையோ ஓவியத்தையோ காப்பி எடுக்கிறவர்கள் இரண்டு பக்கமும் சமமாக விளக்கு வைப்பார்கள், காகிதத்தின் மடிப்பும் கசங்கலும் படத்தில் தெரியக் கூடாது என்பதற்காக. இடது விளக்கு போடுகிற நிழலை வலது விளக்கு அழித்துவிடும், வலது போடுவதை இடது அழித்துவிடும். உங்கள் அப்பா முகத்துக்கும் அதுதான் நடந்திருக்கிறது. மூக்குக்கு ஒரு பக்கம் விழ வேண்டிய நிழல், கன்னத்தின் சரிவு, தாடை எங்கே முடிந்து கழுத்து எங்கே தொடங்குகிறது என்கிற கோடு, எல்லாம் பத்திரத்தின் மடிப்பு மாதிரி காணாமல் போய்விட்டது. சுவரில் மட்டும் இரண்டு நிழலும் வேறு வேறு இடத்தில் விழுவதால் ஒன்றையொன்று பாதிதான் அழிக்க முடிந்தது, அதனால் அங்கே இரண்டும் தெரிகின்றன.

இன்னொரு விஷயம், இரண்டு கை பிராக்கெட் நன்றாக வேலை செய்கிற இடம் மிக நெருக்கமாக எடுக்கிற படங்கள். பூச்சி, பூ, நகை, பல் மருத்துவர்கள் வாய்க்குள் எடுக்கிற படம், இப்படி. லென்ஸிலிருந்து ஃபிளாஷ் 30 செ.மீ. தள்ளியிருக்கிறது, எடுக்கிற பொருளும் 30 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்றால் வெளிச்சம் 45 டிகிரி சாய்வில் வந்து விழும், வடிவம் தெரியும். அதே ஃபிளாஷ், அதே 30 செ.மீ., ஆனால் ஆள் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்றால் சாய்வு 8, 9 டிகிரிதான். கேமராவின் நெற்றியிலிருந்தே அடித்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் முகத்தில் தெரியாது. இரண்டு மீட்டரில் அந்த 45 டிகிரி வேண்டுமென்றால் ஃபிளாஷை இரண்டு மீட்டர் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும், எந்த பிராக்கெட்டுக்கும் அவ்வளவு நீளக் கை கிடையாது.

அப்படியானால் பிராக்கெட் வீண் செலவா? இல்லை. கேமராவில் ஏற்றிய ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருந்தால் கண்ணின் விழித்திரையில் பட்ட வெளிச்சம் அப்படியே திரும்பி லென்ஸுக்குள் வந்து கண் சிவப்பாகத் தெரியும், பிராக்கெட் அதைப் பெருமளவு தடுக்கும். கேமராவை நெட்டுக்குத் திருப்பும்போது ஃபிளாஷ் பக்கவாட்டுக்குப் போய்ச் சுவரில் பக்க நிழல் விழாமல், லென்ஸுக்கு மேலேயே நிற்கிற மாதிரி மடக்கித் திருப்புகிற பிராக்கெட்டும் உண்டு. ஃபிலிம் காலத்தில் சுத்தியல் போல ஒரு தலையும் பருத்த கைப்பிடியுமாக மெட்ஸ் 45 வகை ஃபிளாஷைப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்தில் சுற்றியவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் பிராக்கெட்தான். உங்களுக்கு அது செய்யப்போகிற உதவி வேறு. இரண்டு ஃபிளாஷையும் கேமராவோடு சேர்த்துத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றின் தலையையும் தனித்தனித் திசையில் திருப்ப விடுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முன்னால் ஒரு தப்பெண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். இரண்டு ஃபிளாஷ் போட்டால் வெளிச்சம் மென்மையாகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. ஒரே மாதிரி இரண்டு ஃபிளாஷை ஒரே பவரில் சேர்த்து அடித்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப் கூடும், அவ்வளவுதான். மென்மை என்பது ஆள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் வருகிற பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. ஃபிளாஷின் முகப்பு சோப்பு டப்பா அளவு, இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் அது ஒரு புள்ளி. இரண்டு வைத்தால் இரண்டு புள்ளி. நெற்றி பளபளத்ததற்கும் அதுதான் காரணம், தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசை அந்தப் புள்ளியைக் கண்ணாடி போல் திருப்பிக் காட்டுகிறது. வெளிச்சத்தின் பரப்பு பெரிதானால் அந்தத் திட்டு பரவி, கன்ன எலும்பின் மேல் மெல்லிய மினுக்காக மாறும். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்த மினுக்கு எவ்வளவு அழகாக இருக்கும் என்பதை நேரில் பார்த்தால் பவுடர் அப்புவதையும் பிறகு கம்ப்யூட்டரில் நிறத்தை வெளுக்க வைப்பதையும் விட்டுவிடுவீர்கள். உங்கள் அப்பா என்ன நிறமோ அதே நிறத்தில் எடுங்கள், தயவுசெய்து.

சரி, செய்முறைக்கு வருகிறேன்.

பிராக்கெட்டில் இருக்கிற ஒரு ஃபிளாஷின் தலையைச் சீலிங் பக்கம் திருப்புங்கள். நேர் மேலே வேண்டாம், நேர் மேலே போனால் வெளிச்சம் உச்சியிலிருந்து இறங்கிக் கண் குழிகள் இருட்டாகிவிடும், வயதானவர்களுக்கு இது இன்னும் மோசம். உங்கள் தோளுக்குப் பின்னால், இடது பக்கம் சாய்த்து, சுவரும் சீலிங்கும் சேர்கிற மூலையைப் பார்க்கிற மாதிரி திருப்புங்கள். இப்போது உங்களுக்கு வெளிச்சம் தருவது அந்தச் சோப்பு டப்பா இல்லை, மூலையில் ஒரு ஆள் உயரத்துக்கு விரிகிற வெள்ளைத் திட்டு. அது நீங்கள் பார்க்கையில் அப்பா முகத்துக்கு இடப்பக்கம் மேலிருந்து வருகிறது, ஜன்னல் வெளிச்சம் வருகிற மாதிரி. ஃபிளாஷின் ஜூமை, அதாவது வெளிச்சம் எவ்வளவு குறுகிப் போகிறது என்கிற அளவை, 50 அல்லது 70 மி.மீ. வையுங்கள், 24ல் வைத்தால் கொஞ்சம் வெளிச்சம் நேராக முகத்துக்கும் கசியும். அப்படியும் கசிந்தால் கருப்பு சார்ட் பேப்பரை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, ஆளைப் பார்க்கிற பக்கம் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். சில ரூபாயில் முடிகிற இந்தக் காகிதம், கடையில் விற்கிற பிளாஸ்டிக் மூடிகளைவிட என் பையில் அதிக வேலை செய்திருக்கிறது.

இரண்டாவது ஃபிளாஷ் முன்னால் பார்த்தபடியே இருக்கட்டும், ஆனால் பவரை அடியோடு குறையுங்கள். 1/64ல் தொடங்குங்கள், மேலே வெளிச்சத்தைப் பரப்புகிற ஒரு டிஃப்யூசர் மூடி அல்லது இரண்டு மடிப்பு டிஷ்யூ பேப்பர். பக்கவாட்டுக் கையில் வைப்பதைவிட லென்ஸுக்கு நேர் மேலே வைக்க முடிந்தால் நல்லது, சுவரில் நிழல் தலைக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். இதன் வேலை கண்ணில் ஒரு சின்ன ஒளிப் புள்ளி வைப்பதும், வலப்பக்கக் கன்னத்தின் இருட்டைக் கொஞ்சம் தூக்கிவிடுவதும்தான். முகத்துக்கு வடிவம் கொடுப்பது மூலையிலிருந்து வருகிற வெளிச்சம்.

செட்டிங் வேண்டும் இல்லையா, மேனுவலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, ஷட்டர் 1/160 வைத்துத் தொடங்குங்கள். முதலில் முன் ஃபிளாஷை அணைத்துவிட்டு, மூலையை நோக்கித் திரும்பியதை மட்டும் 1/2 பவரில் அடித்துப் பாருங்கள். பத்தடி உயரச் சீலிங், வெள்ளைச் சுவர் என்றால் சுமாராகச் சரியாக வரும். அதிகமாக இருந்தால் 1/4, குறைவாக இருந்தால் ஐஎஸ்ஓவை 800 ஆக்குங்கள், முழுப் பவருக்குப் போக வேண்டாம். பக்கவாட்டு வெளிச்சம் திருப்தியாக வந்த பிறகு அதை அணையுங்கள், முன் ஃபிளாஷை மட்டும் அடியுங்கள். படம் இருட்டாக, ஆள் யார் என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு மட்டும் வர வேண்டும். அது சரியான அளவு. பிறகு இரண்டையும் சேர்த்து அடியுங்கள். இந்த ஒன்றன்பின் ஒன்று பழக்கத்தைச் சோம்பல்படாமல் செய்யுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு எது எங்கே தப்பு செய்கிறது என்று தேடினால் சாயங்காலம் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள், அதற்குள் அப்பாவுக்கு முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும்.

எவ்வளவு வித்தியாசம் வைப்பது என்பது முகத்தைப் பொறுத்தது. முன் வெளிச்சம் முகம் முழுவதும் விழும், பக்க வெளிச்சம் ஒரு பாதியில் மட்டும் விழும். முன்னது பக்கத்தைவிட ஒரு ஸ்டாப் குறைவு என்றால் வெளிச்சப் பாதிக்கும் நிழல் பாதிக்கும் 3க்கு 1 என்கிற கணக்கு வரும், இரண்டு ஸ்டாப் குறைவு என்றால் 5க்கு 1. அம்மாக்களுக்கு 3க்கு 1 நன்றாக இருக்கும், சுருக்கங்களைத் துடைத்துவிடாது, அதே நேரம் ஆழப்படுத்தவும் செய்யாது. மீசையும் கனத்த தாடையும் உள்ள ஆண்களுக்கு 5க்கு 1 நிற்கும். இதெல்லாம் லைட் மீட்டர் வைத்து அளக்க வேண்டியதில்லை, முன் ஃபிளாஷின் பவரை ஒரு படி ஏற்றி, ஒரு படி இறக்கி மூன்று படம் எடுத்து அம்மாவிடமே காட்டுங்கள்.

சீலிங்கில் அடித்துத் திருப்பும்போது பவர் நிறையச் செலவாகும் என்பதைச் சொல்ல வேண்டும். நேராக இரண்டு மீட்டர் போக வேண்டிய வெளிச்சம் மேலே போய் இறங்கி நான்கு மீட்டர் சுற்றுகிறது, தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று, அதிலேயே இரண்டு ஸ்டாப் போயிற்று. சுண்ணாம்பு உறிஞ்சுவதும் சிதறுவதும் இன்னும் ஒரு ஸ்டாப்புக்கு மேல். ஓட்டு வீட்டிலோ உயரமான ஹாலிலோ ஒரு ஃபிளாஷ் திணறும். அப்போது இரண்டையுமே ஒரே மூலைக்குத் திருப்பிவிடலாம், ஒவ்வொன்றும் 1/2 பவரில் அடித்தால் ஒன்று முழுப் பவரில் அடித்ததற்குச் சமம், ஆனால் அடுத்த படத்துக்குத் தயாராகிற நேரம் பாதியாகிவிடும். முன் வெளிச்சத்துக்கு என்ன செய்வது? ஒரு தெர்மாகோல் பலகையை அப்பாவின் மடி உயரத்தில், கேமராவில் தெரியாதபடி யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். நம் சினிமாக்காரர்கள் இத்தனை காலம் தெர்மாகோலை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது.

இப்போது சுவர் நிறம். ஹாலுக்குப் பச்சையோ இளஞ்சிவப்போ அடித்திருந்தால் வெளிச்சம் அந்த நிறத்தைத் தூக்கிக்கொண்டு வந்து முகத்தில் பூசிவிடும். ஒரு பக்கக் கன்னம் பச்சை, மறுபக்கம் சாதாரணம் என்றால் படம் முழுவதற்கும் நிறத்தைத் திருத்துகிற வொயிட் பேலன்ஸால்கூடச் சரிசெய்ய முடியாது, ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். இதற்கு நான் செய்வது எட்டு முழ வேட்டி. கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் வெள்ளைத் துணி, எந்த வீட்டிலும் கிடைக்கும். ஜன்னல் கம்பியிலோ கதவின் மேல் சட்டத்திலோ மடிக்காமல் விரித்துக் கட்டி, ஃபிளாஷை அதை நோக்கித் திருப்பிவிடுவேன். நீலம் போட்டுத் துவைத்த வேட்டியென்றால் வெளிச்சம் லேசாக நீலம் அடிக்கும், அது முகம் முழுவதும் ஒரே மாதிரி அடிப்பதால் ஒரு சாம்பல் அட்டையைப் பிடிக்கச் சொல்லி முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு நிறத்தை மாற்ற வசதியான ரா ஃபைலில் ஒரே சொடுக்கில் சரியாகிவிடும்.

இந்த வேட்டி வித்தை எனக்குக் கைவந்தது கும்பகோணம் பக்கம் ஒரு சதாபிஷேக வீட்டில். பழைய ஓட்டு வீடு, மேலே கறுத்த மரச்சட்டங்கள், சீலிங் என்று சொல்ல எதுவும் இல்லை. கூடம் முழுக்கப் பச்சை. பாட்டி அரக்கு நிறப் பட்டில், ஏழுக்கல் தோடும் வைர மூக்குத்தியுமாக வந்து உட்கார்ந்தார். அவசரத்தில் பிராக்கெட்டில் இருந்த இரண்டு ஃபிளாஷையும் நேராக வைத்து ஒரு படம் எடுத்தேன், திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு வெள்ளைப் புள்ளி, சேலையின் சரிகை முழுவதும் வெளுத்துப்போய், நெய்த மாங்காய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவருடைய மருமகளிடம் ஒரு வேட்டி கேட்டு வாங்கி ஊஞ்சல் சங்கிலிகளுக்கு நடுவில் கட்டி, ஒரு ஃபிளாஷை அதில் அடித்தேன். சரிகை உடனே எழுந்துவிட்டது, பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சத்தில் ஒவ்வொரு இழையும் தன் நிழலோடு தெரியும், மாங்காய்களை எண்ணலாம். ஆனால் தோடு மங்கிவிட்டது. ஏழு கல்லும் சாதாரணக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, வைரம் மின்னுவதற்குப் புள்ளி வெளிச்சம்தான் வேண்டும், பரந்த வெள்ளை வெளிச்சத்தில் அது மின்னாது. நேராகப் பார்க்கிற இரண்டாவது ஃபிளாஷை 1/64ல் உயிர்ப்பித்தேன். முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை, ஆனால் தோட்டில் நடுக்கல்லும் ஓரத்தில் இரண்டு கல்லும் சுடர்விட்டன, மூக்குத்தியில் ஒரு பொட்டு, கண்ணில் ஒரு பொட்டு. பிராக்கெட்டில் இரண்டு ஃபிளாஷையும் சமமாக வைக்கிற பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று. உங்கள் அம்மாவும் வைரமோ கல் வைத்த அட்டிகையோ போடுவார் என்றால் அந்த முன் ஃபிளாஷை அணைத்துவிடாதீர்கள்.

வைரத்துக்கு உதவுகிற அதே முன் ஃபிளாஷ் மூக்குக்கண்ணாடிக்கு எதிரி. கண்ணாடியில் படுகிற வெளிச்சம் எந்தச் சாய்வில் வருகிறதோ அதே சாய்வில் மறுபக்கம் போகும், அதனால் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிற ஃபிளாஷ் நேராகத் திரும்பி வரும். அப்பா கண்ணாடி போடுகிறவர் என்றால் பிராக்கெட்டின் கையை முடிந்தவரை உயர்த்துங்கள், கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேல் ஒரு விரல் அளவு தூக்கிவையுங்கள், கண்ணாடி லேசாகக் கீழ் நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு லென்ஸுக்குக் கீழே போய்விடும். அப்படியும் வந்தால் முன் ஃபிளாஷை அணைத்துவிட்டுத் தெர்மாகோலுக்கு மாறுங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். முப்பது வருஷமாகக் கண்ணாடியோடு பார்த்த முகத்தைக் கண்ணாடி இல்லாமல் ஃபிரேம் போட்டால் வீட்டில் யாருக்கும் ஒட்டாது, மூக்கின் இரண்டு பக்கமும் உள்ள தழும்புகள் வேறு தெரியும்.

உட்காருகிற இடம் பற்றி ஒன்று. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், வீடுகளில் எல்லோரும் செய்கிற காரியம் இது. ஒன்றரை மீட்டராவது முன்னால் இழுங்கள். நிழல் சுவரில் விழுவதற்கு முன் கீழே தரைக்கு இறங்கிவிடும், சுவரும் முகத்தைவிட இருட்டாகி ஆள் தனியாக எழுந்து நிற்பார். ஹால் சின்னது என்றால் சோபாவை வெளியே தள்ளுங்கள், குறுக்காக, மூலைக்கு மூலை எடுங்கள். லென்ஸ் முழு ஃபிரேம் கேமராவில் 85, சின்ன சென்சார் உள்ள கிராப் கேமராவில் 50 மி.மீ. போதும்.

இவ்வளவும் பிராக்கெட்டிலேயே இரண்டையும் வைத்து. இப்போது என் மனதுக்குப் பிடித்த முறை, ஒன்றைக் கழற்றுவது. டிடி600க்கு உள்ளேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் இருக்கிறது, கேமராவின் உச்சியில் ஃபிளாஷ் மாட்டுகிற இடமான ஹாட் ஷூவில், ஃபிளாஷைத் தூரத்திலிருந்து அடிக்க வைக்கிற, உங்கள் கேமராவுக்கான கோடாக்ஸ் ட்ரிக்கர் ஒன்று மாட்டினால் இரண்டு ஃபிளாஷையும் ஏ, பி என்று தனிக் குழுவாக்கிக் கேமராவிலிருந்தே பவரை மாற்றலாம். பிராக்கெட்டில் இருக்கிற ஃபிளாஷும் ஹாட் ஷூவில் இல்லை என்பதால் ட்ரிக்கர் எப்படியும் வேண்டும். ஏ குழு ஒரு ஸ்டாண்டில், 43 அங்குல வெள்ளைக் குடைக்குள், அப்பாவுக்கு 45 டிகிரி பக்கவாட்டில், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு மீட்டரிலிருந்து ஒன்றேகால் மீட்டர் தூரத்தில். குடைக்கு ஜூம் 24 அல்லது 35. அதே ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6ல் 1/16 பவரே தாராளமாக இருக்கும், சீலிங்குக்கு 1/2 கேட்டது ஞாபகம் இருக்கட்டும், பக்கத்தில் கொண்டுவந்ததின் பலன் அது. பி குழு பிராக்கெட்டில், உங்களுக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்த்துத் திருப்பிய நிலையில் நிழலை நிரப்ப. ஸ்டாண்ட் இல்லை என்றால் பீரோவின் மேல் ஃபிளாஷை அதன் சின்னக் காலில் நிறுத்தி முன்னால் வேட்டியைத் தொங்கவிடலாம், நான் செய்திருக்கிறேன். ஸ்டாண்ட் இருந்தால் காலில் ஒரு மணல் பை கட்டாயம், மின்விசிறிக் காற்றே குடையைச் சாய்த்துவிடும், விழுவது வயதானவர் தலையில்.

நிறையப் பேர் இரண்டாவது ஃபிளாஷைக் கொண்டுபோய்த் தலைக்குப் பின்னால் வைத்து முடியில் கோடு விழச் செய்வார்கள். கறுத்த முடிக்கும் கறுத்த பின்னணிக்கும் அது வேண்டியிருக்கும், நரைத்த தலைக்கு வேண்டாம், வெள்ளையாக எரிந்துவிடும். இரண்டே இரண்டு இருக்கும்போது நிழலைக் கவனிப்பதுதான் முதல் வேலை. ஜோடியாக எடுக்கும்போது மட்டும் எனக்கு விதிவிலக்கு உண்டு. அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தபடி அரைத் திருப்பமாக உட்கார்ந்தால், ஒரு ஃபிளாஷ் முன் இடது மூலை, மற்றது பின் வலது மூலை என்று குறுக்காக வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு முக வெளிச்சமாக இருப்பது மற்றவருக்கு முடியின் ஓர வெளிச்சமாகிவிடும், அறுபதாம் கல்யாணப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு ஃபிளாஷையும் சேர்த்து ஒரே குடைக்குள் அடிக்கிற இரட்டைப் பிராக்கெட்டும் கடைகளில் கிடைக்கிறது. குழந்தைகளை எடுப்பதற்கு நல்லது, பாதிப் பவரில் இரண்டு அடிப்பதால் படத்துக்குப் படம் காத்திருக்க வேண்டாம், குடையின் பரப்பும் இன்னும் சமமாக நிரம்பும். மென்மை குடையின் அளவால் வருவது, ஃபிளாஷின் எண்ணிக்கையால் இல்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வீட்டு விளக்குகளை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் சொன்ன ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/160ல் ஒரு சாதாரண ஹாலின் ராத்திரி வெளிச்சம் ஏறக்குறைய ஐந்து ஸ்டாப் கீழே போய்விடும், ஃபிளாஷை அணைத்து எடுத்தால் படம் கறுப்பாகத்தான் வரும். அதனால் டியூப் லைட் எரிந்தாலும் நிறக் கலப்பு வராது, எரியட்டும், உங்களுக்கு ஃபோகஸ் செய்ய உதவும், எதிரே இருப்பவரின் கண்மணியும் சுருங்கியிருக்கும். பூஜை அறையின் குத்துவிளக்கோ மஞ்சள் பல்போ பின்னால் தெரிய வேண்டும் என்றால் கதை வேறு. ஷட்டரை 1/40, எஃப் 4, ஐஎஸ்ஓ 800க்குக் கொண்டுவாருங்கள், அறை வெளிச்சம் எழுந்துவிடும், ஃபிளாஷ் பவரை இரண்டு ஸ்டாப் இறக்குங்கள். இப்போது மஞ்சள் பல்பு 3000 கெல்வினுக்கு அருகில், ஃபிளாஷ் 5600க்கு அருகில், இரண்டும் ஒட்டாமல் முகம் நீலமாகவும் பின்னணி ஆரஞ்சாகவும் வரும். ஃபிளாஷின் முன்னால் ஆரஞ்சு நிற சிடிஓ தாள் ஒட்டினால் ஒத்துப்போகும், முழு அழுத்தம் வேண்டாம், பாதி அழுத்தத் தாள் போதும், பின்னணி கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பதுதான் வீடு மாதிரி இருக்கும். இரண்டு ஃபிளாஷுக்கும் ஒட்ட வேண்டும், ஒன்றை விட்டுவிட்டால் கன்னத்துக்குக் கன்னம் நிறம் மாறும்.

ஷட்டர் 1/200க்கு மேல் போகாதீர்கள், பல கேமராக்களுக்கு அதுதான் எல்லை, தாண்டினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். ஆள் அசைந்தால் என்ன செய்வது என்கிற பயம் வேண்டாம், பாதிக்கும் கீழான பவரில் ஃபிளாஷின் சொடுக்கு அவ்வளவு குறுகியது, அசைவை அதுவே நிறுத்திவிடும். டிடி600ல் டிடிஎல், அதாவது கேமராவே அளந்து ஃபிளாஷ் பவரை வைக்கிற வசதி, இல்லையே என்று வருத்தப்படவும் வேண்டாம். நாற்காலி நகராத இடத்தில் மேனுவல்தான் நிம்மதி. டிடிஎல் அப்பாவின் வெள்ளை வேட்டி சட்டையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், அம்மாவின் கரும்பச்சைச் சேலையைப் பார்த்துக் கூட்டிவிடும், ஒரே நாற்காலியில் இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக வரும்.

பழைய ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் ஏதாவது வீட்டில் கிடந்தால் மூன்றாவதாக ஹாட் ஷூவில் மாட்டிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். அவற்றில் சிலவற்றின் ட்ரிக்கர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், டிஜிட்டல் கேமராவின் சர்க்யூட் போய்விடக்கூடும்.

பேட்டரிக்கு ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ, எட்டு வேண்டும், கூடவே எட்டு மாற்று. சாதாரண அல்கலைன் சீக்கிரமே மூச்சு வாங்கும், ஒரு ஃபிளாஷ் அடித்து மற்றது அடிக்காமல் விட்ட படம் வரும், நீங்கள் செட்டிங்கில் தப்பு என்று நினைத்துக் குழம்புவீர்கள். நாலு நாலாகக் குறி போட்டு வையுங்கள், கலக்காதீர்கள். ஒவ்வொரு ஃபிளாஷும் பேட்டரியோடு அரைக்கிலோ, பிராக்கெட்டும் கேமராவும் சேர்ந்தால் கையில் இரண்டு கிலோவுக்கு மேல், அரை மணி நேரத்தில் மணிக்கட்டு நடுங்கும், அதனால் டிரைபாட். பிராக்கெட்டின் திருகை ஒவ்வொரு பத்துப் படத்துக்கும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், ஃபிளாஷின் எடை அதை மெல்லத் தளர்த்திக்கொண்டே இருக்கும்.

அப்பாவை உட்காரவைப்பதற்கு முந்தின நாள் ராத்திரி வீட்டில் வேறு யாரையாவது, தம்பியோ தங்கையோ, அதே நாற்காலியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சரிபார்த்து, நாற்காலிக் கால்கள் இருக்கிற இடத்திலும் டிரைபாட் கால்கள் இருக்கிற இடத்திலும் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள், ஃபிளாஷ் பவர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி பிராக்கெட்டிலேயே ஒட்டுங்கள். மறுநாள் அவர் வந்து உட்காரும்போது நீங்கள் ஃபிளாஷைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே எடுக்கலாம்.